லேப்டாப் கொதிக்குதா? இ.எம்.ஐ போடுறதுக்கு முன்னாடி 750 ரூபாய் செலவு பண்ணிப் பாருங்க



போன மே மாசம், கத்திரி வெயில் நடுவுல, ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் தம்பிகிட்ட இருந்து போன். "அண்ணா, லேப்டாப் போச்சு. புதுசு ஒண்ணு கார்ட்ல போட்டு வெச்சிருக்கேன். 58,990. நோ காஸ்ட் இ.எம்.ஐ இருக்கு, 12 மாசம். போட்டுடவா?"

அவன் வேளச்சேரியில ரூம் எடுத்து இருக்கான். கைக்கு வர்ற சம்பளம் 26,000. ரூம் வாடகைப் பங்கும் சாப்பாடும் 11,000. பைக் இ.எம்.ஐ 3,400. வீட்டுக்கு அனுப்புறது 5,000. மிச்சம் 6,600. இதுலதான் பெட்ரோல், போன் ரீசார்ஜ், கல்யாண மொய், காய்ச்சல் வந்தா டாக்டர் ஃபீஸ் எல்லாம். அந்த லேப்டாப்புக்கு மாசம் 4,916 போனா, கையில நிக்கிறது 1,684 ரூபாய்.

இது பொழுதுபோக்குக்கு வாங்குற லேப்டாப்பும் கிடையாது. ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரியில ரெண்டு பேருக்கு வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறான். மாசம் நாலாயிரம், அஞ்சாயிரம் வரும். அந்த எக்ஸ்போர்ட் நடுவுலதான் மெஷின் பட்டுனு அணைஞ்சுடுது. ரெண்டு நாளா டெலிவரி லேட். ஒரு கிளையன்ட் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டார்.

பக்கத்துல இருந்த ஒரு சர்வீஸ் கடையில காட்டியிருக்கான். திறந்துகூடப் பார்க்கல. "மதர்போர்டு வீக் ஆயிடுச்சு தம்பி, 14,000 ஆகும். அதுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அணையுறப்போ டெம்பரேச்சர் எவ்வளவு?"

"அதெல்லாம் பார்க்கலண்ணா."

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தினதுதான். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: சூடு என்பது பெரும்பாலும் ஒரு பராமரிப்புப் பிரச்சனை. அதை அளந்துகூடப் பார்க்காம கடன் பிரச்சனையா மாத்திக்காதீங்க. வண்டி ஓவர் ஹீட் ஆனா ஆயில் இருக்கானு பார்ப்போம், உடனே புது வண்டிக்கு லோன் போட மாட்டோம். லேப்டாப்புக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்?

## சூடானா ஏன் ஸ்லோ ஆகுது?

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு உச்சவரம்பு வெப்பநிலை உண்டு. தம்பியோட லேப்டாப்ல இருந்தது இன்டெல் ஐ5-8250யு. அதுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸ். இந்த எண்ணைத் தொடுற நேரத்துல ப்ராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். இதுக்குப் பேரு தெர்மல் த்ராட்லிங். அப்பவும் சூடு குறையலைன்னா மெஷின் மொத்தமா அணைஞ்சுடும்.

அதாவது மெஷின் அணையுறது பழுதோட அறிகுறியா மட்டும் இருக்கணும்னு இல்ல. பாதுகாப்பு ஏற்பாடு ஒழுங்கா வேலை செய்யுதுனும் அர்த்தம். வீட்டுல ஃபியூஸ் போற மாதிரி.

அந்த ப்ராசஸரோட அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போல 3.4 வரைக்கும் போகும். தம்பி அன்னிக்கு ராத்திரி எச்.டபிள்யூ.இன்ஃபோங்கிற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தான். சும்மா இருக்கும்போதே 68 டிகிரி. எக்ஸ்போர்ட் ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் 99, 100. வேகம் 3.4-ல ஆரம்பிச்சு 1.1-க்கு இறங்கி அங்கேயே தள்ளாடுது. அடிப்படை வேகத்துக்கும் கீழே! காசு கொடுத்து வாங்கின ப்ராசஸர்ல மூணுல ஒரு பங்குதான் அவனுக்குக் கிடைச்சுட்டு இருந்தது.

இன்னொரு விஷயம். எந்த ஃபேனும் ரூம்ல இருக்கிற காத்தைத்தான் எடுத்து உள்ளே அனுப்பும். ரூம்ல 36 டிகிரி இருந்தா உள்ளே போறதும் 36 டிகிரி காத்துதான். டிசம்பர்ல 85 டிகிரியில சமாளிச்ச லேப்டாப் மே மாசத்துல 95-ஐத் தொடுறதுக்கு இதுதான் காரணம். அதனாலதான் "லேப்டாப் போச்சு" போன் எல்லாம் எனக்கு ஏப்ரல், மே மாசத்துல வருது.

## படி 1: பூஜ்யம் ரூபாய்

பர்சைத் தொடாம முதல்ல இதெல்லாம் பண்ணுங்க.

அளந்து பாருங்க. எச்.டபிள்யூ.இன்ஃபோ அல்லது கோர் டெம்ப், ரெண்டும் இலவசம். சும்மா இருக்கும்போது எவ்வளவு, முழு லோடுல எவ்வளவுனு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. லேப்டாப்புக்கு முழு லோடுல 80, 85 எல்லாம் சகஜம்தான், பயப்பட வேண்டாம். எப்பவும் 95-க்கு மேலயே நிக்குதுன்னா பிரச்சனை இருக்கு. எண் நல்லாவே இருக்கு, ஆனாலும் ஸ்லோன்னா, பிரச்சனை வேற இடத்துல. பழைய ஹார்டு டிஸ்க்கா இருக்கலாம், ரேம் பத்தாம இருக்கலாம். அப்போ தெர்மல் பேஸ்ட் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்ல, எஸ்.எஸ்.டி-தான் மருந்து.

டாஸ்க் மேனேஜரைத் திறங்க. நீங்க எதுவுமே பண்ணாதப்போ சி.பி.யு 40, 50 சதவீதம் ஓடிட்டு இருந்தா, யாரோ பின்னாடி உட்கார்ந்து வேலை வாங்கறாங்கன்னு அர்த்தம். 30 டேப் திறந்த பிரவுசர், தேவையில்லாத எக்ஸ்டென்ஷன், ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்துல ஓடறது, க்ராக் சாஃப்ட்வேரோட சேர்ந்து வந்த மைனர் வைரஸ். இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும்.

மெத்தையில இருந்து இறக்குங்க. பெரும்பாலான லேப்டாப் அடிப்பக்கத்துல இருந்துதான் காத்தை இழுக்கும். மெத்தை, தலையணை, மடி இதுல வெச்சா அது மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுற மாதிரி. மேஜை மேல வைங்க. பின்பக்கம் ரெண்டு முனையிலயும் தண்ணி பாட்டில் மூடி ஒண்ணு ஒண்ணு வெச்சு கொஞ்சம் தூக்கி விடுங்க. 1,200 ரூபாய் ஸ்டாண்ட் பண்ற வேலையில பெரும்பகுதியை இந்த ரெண்டு மூடி பண்ணிடும்.

99 சதவீதம் வைங்க. விண்டோஸ்ல கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட். அங்கே மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100-னு இருக்கும், அதை 99 ஆக்குங்க. பெரும்பாலான இன்டெல் லேப்டாப்ல டர்போ நின்னுடும், சூடு சட்டுனு இறங்கும். சில புது மாடல்கள்ல இந்த ஆப்ஷன் தெரியாது. தெரிஞ்சா, எக்செல், மெயில், மீட்டிங் மட்டும் பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

தம்பி அந்த ராத்திரியே பாட்டில் மூடியும் 99 சதவீதமும் போட்டான். உச்சம் 100-ல இருந்து 81-க்கு வந்தது. மெஷின் அணையல. எக்ஸ்போர்ட் மெதுவாத்தான் ஓடுச்சு, ஆனா முடிஞ்சுது. காலையில டெலிவரி கொடுத்துட்டான். 14,000 ரூபாய் "மதர்போர்டு பிரச்சனை" பாட்டில் மூடியில பாதி சரியாயிடுச்சு!

கார்ட்ல இருந்த லேப்டாப்பை நான் எடுக்கச் சொல்லல. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அங்கேயே இருக்கட்டும், நான் வர்றேன்"னு மட்டும் சொன்னேன்.

## படி 2: 750 ரூபாய்

ஞாயித்துக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு லீவுங்கிறதால சனிக்கிழமையே போய் வாங்கிட்டேன். பில் இதுதான்:

- சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்: ரூ.220
- ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி: ரூ.120
- ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ்: ரூ.30
- 4 கிராம் தெர்மல் பேஸ்ட்: ரூ.380

மொத்தம் 750. இதுல ஸ்க்ரூடிரைவர் செட் பல வருஷம் வரும். பேஸ்ட் நாலஞ்சு லேப்டாப்புக்குப் போதும். ரூம்மேட்ஸ் சேர்ந்து வாங்கினா ஆளுக்கு 200 ரூபாய்கூட ஆகாது.

பின் மூடியைக் கழட்டினோம். மூடியை நெம்ப காலாவதியான ஏ.டி.எம் கார்டுதான் (கார்டால நல்லது நடந்த அபூர்வ சம்பவம்). ஃபேன் பார்க்க சுத்தமா இருந்தது. ஆனா ஃபேனுக்கும் வெளியே காத்து போற செம்புத் தகடுக்கும் நடுவுல பஞ்சு மாதிரி ஒரு பட்டை. ஃபேன் பக்கமிருந்து விரல்ல எடுத்தப்போ பாய் மாதிரி முழுசா உரிஞ்சு வந்தது. 2019-ல வாங்கின லேப்டாப். அத்தனை வருஷ மெத்தைத் தூசியும் அங்கேதான் குடியிருந்திருக்கு. ஃபேன் எவ்வளவு வேகமா சுத்தினாலும் காத்து வெளியே போக வழியே இல்ல.

அடுத்து ஹீட் சிங்க். அதுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்கிற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. இந்தப் பேஸ்டோட வேலை ரொம்ப எளிமை. ரெண்டு பரப்பும் பார்க்க வழவழன்னு இருந்தாலும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். அதுல காத்து நின்னா சூடு கடக்காது. அந்தக் காத்தை வெளியேத்திட்டு இடத்தை நிரப்பத்தான் பேஸ்ட். காய்ஞ்சு போனா திரும்பவும் காத்து உள்ளே வந்துடும்.

பண்ணும்போது மறக்கக் கூடாதது:

1. சார்ஜரைக் கழட்டி, மெஷினை முழுசா அணைச்சு, மூடி திறந்ததும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க.
2. பேட்டரி உப்பி இருந்தா அங்கேயே நிறுத்துங்க. குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க. தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து மாத்துங்க.
3. ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் ஒரு நீளம். ஒரு பேப்பர்ல லேப்டாப்பை வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எந்த இடமோ அங்கேயே டேப் போட்டு ஒட்டிடுங்க.
4. தூசியைத் தட்டும்போது ஃபேன் சுத்தாம ஒரு குச்சியால பிடிச்சுக்கோங்க.
5. ஹீட் சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3, 4-னு எண் போட்டிருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.
6. பழைய பேஸ்டை ஆல்கஹால்ல துடைச்சு, காய விட்டு, ப்ராசஸர் சில் மேல மெல்லிசா புதுசு தடவுங்க. தோசைக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி தாராளம் காட்ட வேண்டாம்.

ஒன்றரை மணி நேர வேலை. மாட்டி ஆன் பண்ணினோம். சும்மா இருக்கும்போது 48. 99 சதவீதத்தைத் திரும்ப 100 ஆக்கிட்டு அதே வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டோம். உச்சம் 84. வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ்ல நிலையா நின்னுச்சு. முன்னாடி, அதிர்ஷ்டம் இருந்து அணையாம முடிஞ்ச அன்னிக்கு, 41 நிமிஷம் எடுத்த வீடியோ 19 நிமிஷத்துல முடிஞ்சுது.

தம்பி ஒண்ணும் சொல்லல. போனை எடுத்து கார்ட்ல இருந்ததை டெலீட் பண்ணிட்டு, டீ சொல்லப் போயிட்டான்.

## நானும் சொதப்பியிருக்கேன்

இதைப் படிச்சுட்டு எல்லாரும் ஸ்க்ரூடிரைவரோட கிளம்பணும்னு நான் சொல்லல. 2021-ல என் சொந்த லேப்டாப்பை முதல் தடவை திறந்தப்போ ஃபேன் ஒயரைப் பிடிச்சு இழுத்தேன், கனெக்டரோட கையில வந்துடுச்சு. புது ஃபேன் 900 ரூபாய். அதை மாட்டக் கடைக்காரருக்கு 400. "சிக்கனம்" 1,300 ரூபாயில முடிஞ்சுது.

அதனால கை நடுங்குதுன்னா கடைக்கே போங்க. உள் சுத்தமும் பேஸ்ட் மாத்துறதும் எங்க ஏரியாவுல 600-ல இருந்து 1,000 வரை கேட்கறாங்க. அதுவும் நியாயமான விலைதான், ஒரு தொழிலாளியோட ஒன்றரை மணி நேர உழைப்பு. ஆனா கடைக்குப் போகும்போது அளந்து எழுதின அந்தப் பேப்பரோட போங்க. "சூடாகுது, பாருங்க"னு சொல்றதுக்கும் "முழு லோடுல 100 டிகிரி போகுது, வேகம் 1.1-க்கு இறங்குது, உள்ளே சுத்தம் பண்ணி பேஸ்ட் மாத்திக் கொடுங்க"னு சொல்றதுக்கும் பில்லுல பெரிய வித்தியாசம் இருக்கு. வாங்கும்போது அங்கேயே ஓட்டி டெம்பரேச்சர் காட்டச் சொல்லுங்க. பார்ட்ஸ் மாத்தினா பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்க. "மதர்போர்டு போச்சு"ன்னு ஒரு கடை சொன்னா, இன்னொரு கடையில கேட்காம நம்பாதீங்க.

வாரன்டி இருக்கிற லேப்டாப்பைத் திறக்கவே திறக்காதீங்க. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க, அதுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கீங்க.

ஆபீஸ் லேப்டாப்பா? தொடாதீங்க. சாஃப்ட்வேர்கூட நீங்களா போடாதீங்க. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ் டேபைத் திறந்தா சி.பி.யு வேகமும், பேஸ் ஸ்பீடும் அங்கேயே இருக்கும். லோடு ஏறும்போது வேகம் பேஸ் ஸ்பீடுக்குக் கீழே நின்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஐ.டி டீமுக்கு டிக்கெட் போடுங்க. கம்பெனி சொத்தை உங்க காசுல ரிப்பேர் பண்றது தியாகம் இல்ல, தலைவலி.

## டெஸ்க்டாப் வெச்சிருக்கிறவங்களுக்கு

உங்க வேலை இன்னும் சுலபம். இன்டெல்லோட கூட வர்ற கூலர் நாலு பிளாஸ்டிக் பின்ல நிக்கும். அதுல ஒரு பின் லூஸானாலே கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கும், டெம்பரேச்சர் எகிறும். புதுசா அசெம்பிள் பண்ணினதா இருந்தா கூலர் அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஃபிலிமை உரிச்சாங்களானு பாருங்க. சிரிக்காதீங்க, நடக்குது. இதெல்லாம் சரியா இருந்தும் கொதிச்சா, ஃபேனோட கூடிய ஒரு டவர் கூலர் 2,000 ரூபாய் பக்கத்துல கிடைக்கும். சாதாரண ப்ராசஸருக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாட்டர் கூலர் போடறது அழகுக்குத்தான்.

## எதுக்குக் காசு போடக் கூடாது

கூலிங் பேட். உள்ளே தூசி அடைச்சிருக்கும்போது கீழே நாலு ஃபேன் வெச்சு ஊதறது, மூக்கடைப்புக்கு முகத்துல விசிறி வீசற மாதிரி. சுத்தம் பண்ணின பிறகும் தேவைப்பட்டா மட்டும் யோசிங்க.

"ஒரே கிளிக்ல கூல் ஆகும்" ஆப். சாஃப்ட்வேர் தூசியைத் துடைக்காது.

டூத்பேஸ்ட் டெக்னிக். வீடியோல முதல் நாள் நல்லாத்தான் இருக்கும். அதுல இருக்கிற தண்ணி காய்ஞ்சதும் பழையபடி கொதிக்கும், சுரண்டற வேலை மிச்சம்.

லிக்விட் மெட்டல். மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு சொட்டு வெளியே போனா அப்புறம் நிஜமாவே மதர்போர்டு போயிடும்.

ஐஸ் பேக். காசு இல்லாத யோசனைதான், ஆனா வேண்டாம். குளிர்ச்சியில ஈரம் கோக்கும், மின்சாரப் பொருளுக்கு அதைவிட எதிரி இல்ல.

## இப்போ பணக் கணக்குக்கு வருவோம்

"நோ காஸ்ட் இ.எம்.ஐ தானே, வட்டியே இல்லையே"னு நிறைய பேர் கேட்பீங்க. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே ஜீரோ பர்சன்ட் வட்டிங்கிற பேருல வட்டியை மறைச்சு விக்கிற திட்டங்களை வங்கிகள் நடத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. இன்னிக்கு இருக்கிற நோ காஸ்ட் வேற மாதிரி வேலை செய்யுது. வங்கி வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விக்கிறவங்க முன்கூட்டியே தள்ளுபடி கொடுப்பாங்க.

58,990 ரூபாய், 12 மாசம், ஆண்டு வட்டி 15 சதவீதம்னு வைங்க. அதுல ஒளிஞ்சிருக்கிற வட்டி சுமார் 4,500 ரூபாய். அது தள்ளுபடியில கழிஞ்சுடும். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி உண்டு, அது 800 ரூபாய்க்கு மேல. அதை நீங்கதான் கட்டணும். ப்ராசஸிங் ஃபீஸ் 199-ன்னா அதுக்கும் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 1,000 ரூபாய்க்கு மேல. "நோ காஸ்ட்"டோட காஸ்டே நம்ம தம்பியோட ரிப்பேர் பில்லைவிட அதிகம்!

ஆனா எனக்கு அந்த ஆயிரம் ரூபாய் பெரிய கவலை இல்ல. கவலை அந்த 1,684-தான். 12 மாசத்துக்கு அவன் கையில அவ்வளவுதான் நிக்கும். நடுவுல ஒரு மாசம் சம்பளம் லேட் ஆனாலோ, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லாம போனாலோ, முதல்ல நிக்கப் போறது வீட்டுக்கு அனுப்புற 5,000. அடுத்தது கிரெடிட் கார்டுல மினிமம் ட்யூ. அந்தக் குழியில விழுந்தவங்க எவ்வளவு பேர்னு இந்தச் சேனலைப் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அந்த 750 ரூபாய்ல தம்பிக்குக் கிடைச்சது ரெண்டு வருஷ அவகாசம். இப்போ அவன் மாசம் 2,000 ரூபாய் ஆர்.டி போடறான், லேப்டாப் ஃபண்டுனு பேர் வெச்சு. 24 மாசத்துல 48,000 ரூபாய், வட்டி தனி. பழைய லேப்டாப்பை வித்தா வர்ற காசும் சேரும். அடுத்த லேப்டாப் வாங்கும்போது முழுப் பணமும் கையில இருக்கும். கார்டுக்குக் கிடைக்கிற இன்ஸ்டன்ட் டிஸ்கவுன்ட்டும் வாங்கிக்கலாம், பில் வந்ததும் கட்டி முடிக்கலாம். ஒரு மாசம் கஷ்டம்னா ஆர்.டி-யை நிறுத்தலாம். இ.எம்.ஐ-யை நிறுத்த முடியாது.

## "என் நேரத்துக்கு மதிப்பு இல்லையா ப்ரோ?"

இந்தக் கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டே பார்ப்போம். மாசம் 40,000 சம்பளம், 200 மணி நேர வேலைன்னா, உங்க ஒரு மணி நேரம் 200 ரூபாய். ஒன்றரை மணி நேரம் 300 ரூபாய். பொருளோட சேர்த்து 1,050. கடையில கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான். அதனால நீங்களே பண்றதா, கடையில கொடுக்கிறதாங்கிறது உங்க விருப்பம். ரெண்டுமே 58,990-க்குப் பக்கத்துலகூட வராது.

## எப்போ நிஜமாவே புதுசு வாங்கணும்?

எதையும் கட்டிக்கிட்டு அழணும்னு நான் சொல்லல. இந்த நிலைமையில வாங்குங்க:

- ரிப்பேர் செலவு, அந்த லேப்டாப் இன்னிக்கு செகண்ட் ஹேண்ட்ல போற விலையில மூணுல ஒரு பங்கைத் தாண்டுது. (இது என் சொந்தக் கோடு, நீங்க வேற கோடு போட்டுக்கலாம். ஆனா ஒரு கோடு வேணும்.)
- இன்டெல் 7-ஆம் தலைமுறையோ அதுக்கும் பழசோ. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சுடுச்சு. அந்தத் தலைமுறை ப்ராசஸர்கள்ல ஒண்ணு ரெண்டைத் தவிர மத்ததுக்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. பேங்கிங் பண்ற மெஷின்ல பாதுகாப்பு அப்டேட் இல்லாம இருக்கிறது ரிஸ்க். லினக்ஸ் தெரிஞ்சவங்களுக்கு இது பொருந்தாது.
- டெம்பரேச்சர் சரியா இருக்கு, எஸ்.எஸ்.டி, ரேம் எல்லாம் போட்டாச்சு, அப்பவும் உங்க வேலைக்குப் பத்தல. அந்த வேலையில சம்பாதிக்கிறீங்கன்னா அது செலவு இல்ல, தொழில் கருவி.
- ரெண்டு கடையிலயும் திறந்து பார்த்து ஒரே பழுதைச் சொல்றாங்க.

இதுல ஒண்ணும் இல்லாம, "ஹீட் ஆகுது, ஸ்லோவா இருக்கு, ஆஃபர் இன்னிக்கு நைட்டோட முடியுது"ன்னு வாங்கினா, மூணு வருஷம் கழிச்சு அந்தப் புது லேப்டாப்லயும் அதே தூசிப் பட்டை உட்கார்ந்திருக்கும். அப்போ அடுத்த இ.எம்.ஐ-யா?

நம்ம ஊர்ல ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் வெச்சுப் படையல் போடுவோம். நல்ல பழக்கம். ஆனா ஆயுத பூஜைன்னாலே முதல் வேலை கருவியைத் துடைச்சுச் சுத்தம் பண்றதுதான். லேத் பட்டறைக்காரர் மெஷினைக் கழுவாம பொட்டு வைக்க மாட்டார். நாம மட்டும் வெளி மூடியைத் துடைச்சுட்டுப் பொட்டு வைக்கிறோம். இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளேயும் துடைங்க. தேதி மறக்காது, லீவும் இருக்கும்.

சுத்தம் பண்றது முழுசையும் தம்பி லேப்டாப்லயே ஷூட் பண்ணி சேனல்ல போட்டிருக்கேன், திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க. இந்தப் பதிவுல எந்தப் பொருளுக்கும் அஃபிலியேட் லிங்க் கிடையாது. வாங்காதீங்கன்னு சொல்ற பதிவுல வாங்குற லிங்க் வைக்கிறது நல்லா இருக்காதுல்ல?

தம்பியோட கிளையன்ட் என்ன ஆனார்னு கேட்பீங்க. ஒருத்தர் போனவர் போனவர்தான். இன்னொருத்தர் இப்போ மாசம் ரெண்டு வீடியோ கூடக் கொடுக்கிறார். அந்தக் காசுதான் ஆர்.டி-க்குப் போகுது.

இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க லேப்டாப் டெம்பரேச்சரை அளந்து எழுதி வைங்க. மத்ததை அந்த எண்ணைப் பார்த்து முடிவு பண்ணிக்கலாம்.